அறுநூறு கிலோமீட்டருக்கான பை

ஜூலை 5, சனி

குடை வேண்டாமாம். சாந்தாமணி அதைப் பையிலிருந்து உருவி என் மடியில் வைத்தாள். பின்னாலேயே டார்ச் லைட் வந்தது. பிறகு பெரிய ஸ்பேனர், தேங்காய் எண்ணெய் பாட்டில், புளிசாதத்துக்காக நான் எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் டப்பா.

"ஏனுங்க, நான் சைக்கிள்ல போறனுங்களா, இல்ல வேற ஊருக்குக் குடி போறனுங்களா?" என்றாள்.

முப்பது வருஷம் கிரைண்டர் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் பார்த்தவன் நான். என் கையால் கட்டி அனுப்பிய கல் ஒன்றுகூட துபாயில் உடைந்து இறங்கியதில்லை. ஒரு பொருள் பத்திரமாகப் போய்ச் சேர்வதும் சேராததும் கட்டுகிறவன் கையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. என் மனைவியின் கட்சி வேறு. மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு பொருளும் பின்னாலிருந்து பிடித்து இழுக்குமாம்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி சவாரி. கோவையிலிருந்து சாத்தூர் வரை போய்த் திரும்ப வேண்டும். அறுநூறு கிலோமீட்டர், நாற்பது மணி நேரத்துக்குள். இருநூறு, முந்நூறு, நானூறு மூன்றையும் இந்த வருஷமே முடித்துவிட்டாள். இதையும் முடித்தால்தான் மெடல். இந்த சீசனில் இதுதான் கடைசி அறுநூறு. இதை விட்டால் மறுபடி இருநூறிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் என்ன, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொல்லலாம். எங்களால் சொல்ல முடியாது. டப்பாவை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நரம்பு டாக்டர் போன மாசம் ஒரு பெயர் சொன்னார். அதை இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை. எழுதினால் அது வீட்டில் இன்னொரு ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வலது கை லேசாக ஆடுகிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் போர்டில் அவள் எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறதென்று பிள்ளைகள் சொன்னார்களாம். கெமிஸ்ட்ரி டீச்சர், சமன்பாட்டின் இந்தப் பக்கம் பெரிதாகவும் அந்தப் பக்கம் எறும்பு மாதிரியும் எழுதினால் பிள்ளைகள் கேட்கத்தானே செய்யும்.

டாக்டர் சைக்கிளை வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஓட்டட்டுமுங்க, நல்லதுதான். கால் வேலையைவிடக் கைவேலைதான் வர வரக் கஷ்டமாகும்" என்றார். பட்டன், ஊசி, பேனா, இந்த மாதிரி. "வர வர" என்றால் எவ்வளவு நாள் என்று கேட்கத் தெரியாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். குளிர் என்றாள். குளிரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்று ஒரு உருப்படியான வேலை செய்தேன். பையின் ஜிப் ஒவ்வொன்றிலும் பழைய ஷூ லேஸை வளையமாகக் கட்டினேன். விரல் நுனியால் கிள்ளி இழுக்க வேண்டியதில்லை, வளையத்தில் விரலைக் கோத்து இழுத்தால் போதும். மாத்திரை டப்பாவுக்கு அமுக்கித் திறக்கிற மூடி. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, ஒவ்வொன்றாகப் பட்டர் பேப்பரில் சுற்றினேன். கடலை மிட்டாயை உடைத்துப் போட்டேன்.

அவள் வளையங்களைப் பார்த்தாள். இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேரீச்சம்பழப் பேப்பரை மட்டும் பிரித்து எறிந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டாள். இருபது பேப்பரை ரோட்டில் யார் பிரிப்பார்களாம். அது சரிதான். பேக்கிங் ஆள் நான், அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

சவாரியை நடத்துகிற ஜெயசீலன் வீட்டுக்கு வந்தார். நல்ல பையன், நாற்பது வயசிருக்கும், ஆனால் விதி என்று வந்துவிட்டால் கல்.

விதி இதுதான். ஓட்டுகிறவர் தன்னிடம் இருப்பதைக் கொண்டேதான் சமாளிக்க வேண்டும். வழியில் கன்ட்ரோல் பாயின்ட் என்று சில இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் அது மூடுகிற நேரத்துக்குள் தொட்டு, கார்டில் முத்திரை வாங்க வேண்டும். வீட்டு ஆட்கள் அங்கே மட்டும் நின்று தண்ணீரோ சாப்பாடோ எதுவும் கொடுக்கலாம். மற்ற இடத்தில் கட்டின புருஷன் ஒரு வாழைப்பழம் நீட்டினாலும் சவாரி செல்லாது. கூட ஓட்டுகிறவர்கள் வேண்டுமானால் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளலாம்.

"நான் பின்னாடி கார்ல வந்தா?" என்று கேட்டேன்.

"ஆகாதுங்ணா. அந்த ரோட்டுல உங்க கார் போனா கூட நிக்கக் கூடாது."

"அவ கையி..." என்று ஆரம்பித்தேன்.

சாந்தாமணி அடுப்படியிலிருந்து, "ஜெயசீலன், டீயில சக்கரை போடலாமுங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பஞ்சர் பயிற்சி. ஹாலில் பேப்பர் விரித்து, சைக்கிளைக் கவிழ்த்து, பின்சக்கரத்தைக் கழற்றினாள். டயரை நெம்பி, பழைய ட்யூபை உருவி, புது ட்யூபை உள்ளே திணித்து, டயர் விளிம்பை மறுபடி ரிம்முக்குள் தள்ள வேண்டும். கடைசி ஒரு சாண் விளிம்புதான் எமன். அதற்குக் கட்டை விரலில் பலம் வேண்டும். அவள் விரல் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் ஆடியது. விளிம்பு உள்ளே போகும், வெளியே துள்ளும்.

என் கை தானாகப் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவே போனது.

"உடுங்க."

"ஒரு அமுக்குத்தானே சாந்தா."

"உடுங்கன்னு சொல்றனுங்கல்ல. கைய ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுட்டு உக்காருங்க. பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புப் பசங்களுக்கு அதுதான் சொல்லுவேன்."

உட்கார்ந்தேன். ஐம்பத்தாறு வயசில் சொந்த வீட்டு ஹாலில் ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி உட்கார்ந்தேன். டி.வி.யில் ஒரு முழுச் சமையல் நிகழ்ச்சி முடிந்து அடுத்தது ஆரம்பித்த பிறகுதான் விளிம்பு உள்ளே போனது. என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவளுக்கு முகமெல்லாம் வியர்வை, ஆனால் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. ரோட்டில் வெயிலில் அவள் இப்படி உட்கார்ந்திருப்பாள், நான் எங்கோ இருப்பேன் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ஜூலை 24, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் தாரணி போன். பையில் இன்னும் என்னென்ன வைக்கலாம் என்று அவளிடம் யோசனை கேட்டேன். விசில் ஒன்று வைக்கலாமா, சின்ன கத்தி வைக்கலாமா, மழைக்கோட்டு இரண்டாக வைக்கலாமா.

"அப்பா, நீங்க அம்மாவை அனுப்பறீங்களா, பார்சல் பண்றீங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்து, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

பை கட்டியாகிவிட்டது. அவளே கட்டினாள். இரண்டு ட்யூப், டயர் நெம்புகிற பிளாஸ்டிக் பட்டை மூன்று, ஒட்டுப் போடும் டப்பா, பம்ப், அலன் கீ, விளக்குக்கு பேட்டரி, பவர் பேங்க், மினுங்குகிற மேல்சட்டை, மழைக்கோட்டு (ஒன்றுதான்), உப்புச் சர்க்கரைப் பொட்டலம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், மாத்திரை. முன்னால் ஒரு சின்னப் பை, சீட்டுக்குப் பின்னால் ஒரு நீளப் பை, அவ்வளவுதான்.

"கட்டின பையத் தொடாதீங்க" என்றாள். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்திருப்பாள்.

ஜூலை 31, வியாழன்

அவள் பள்ளிக்கூடம் போன பிறகு திறந்தேன். தப்பில்லை. டிஸ்பேட்ச் ஆவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை, எங்கள் கம்பெனியில் அது இல்லாமல் ஒரு பெட்டி கேட்டைத் தாண்டாது.

ட்யூப் இரண்டையும் பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், குமிழி இல்லை. பேட்டரி சரி. மாத்திரையை எண்ணிப் பார்த்தேன், சரி. பம்பை எப்படிச் சோதிப்பது? அவள் சைக்கிள் டயரில் கை வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் என் சைக்கிளை எடுத்தேன். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அது மாடிப்படிக்கு அடியில் காற்றில்லாமல் நிற்கிறது. என் டயருக்கு மோட்டார் பைக் மாதிரி தடித்த காற்று வாய், அவளுடையதற்குப் பென்சில் முனை மாதிரி மெல்லிய வாய். ஆனால் பம்ப் இரண்டுக்கும் ஆகும். பம்பின் தலைமூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கிற சின்ன ரப்பரையும் பிளாஸ்டிக் துண்டையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் போதும். திருப்பிப் போட்டு அடித்தேன். டயர் கல் மாதிரி நின்றது. அருமையான பம்ப்.

எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்து ஜிப்பை இழுத்தேன். யார் கையும் பட்ட மாதிரி தெரியாது. இப்போதுதான் மனசு ஒரு நிலைக்கு வந்தது.

ஆகஸ்ட் 2, சனி

விடியற்காலை கிளம்பினாள். ஹெல்மெட் தாடைப் பட்டையின் கிளிப்பை மாட்ட நேரமானது. மற்றவர்கள் எல்லாம் சீட்டில் ஏறிவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். "டிக்" என்று சத்தம் வந்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

போனை எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அது முன்பையில் சத்தமில்லாமல் கிடக்கும். அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டுகிற நீலப் புள்ளி மட்டும் என் போனில் தெரியும். நாளெல்லாம் புள்ளியைப் பார்த்தேன். பல்லடம், தாராபுரம், திண்டுக்கல். சாப்பிட்டேனா என்று ஞாபகமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. திரும்பி வருகிற வழியில் கடைசி கன்ட்ரோல் தாராபுரத்தில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரி. காலையிலேயே கார் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அமராவதிக்குப் போகிற பெண்கள் தலையில் பூவும் கையில் மஞ்சளும் தேங்காயுமாக ரோடு நிறைய. எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. சைக்கிளில் திரும்புகிறவர்கள் எல்லாரும் இந்தக் காற்றுக்குள்தான் வர வேண்டும்.

ராத்திரி சாத்தூரைத் தொட்டுவிட்டாள், கார்டு சரியாக இருக்கிறது என்று பேக்கரியில் முத்திரையோடு உட்கார்ந்திருந்த ஜெயசீலன் சொன்னார். மத்தியானம் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிவிட்டாள். நான் பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்கி வைத்தேன். அப்புறம் கள்ளிமந்தையத்துக்குக் கொஞ்சம் முன்னால் புள்ளி நின்றுவிட்டது.

தண்ணீர் குடிக்க நின்றிருப்பாள் என்று நினைத்தேன். நகரவில்லை. மாத்திரைக்காக நின்றிருப்பாள் என்று நினைத்தேன். நகரவில்லை. அப்போது கூட ஓட்டுகிறவர்களில் ஒருவர் வந்து இறங்கினார். "அக்காவுக்கு பஞ்சருங்ணா. உதவட்டுமான்னு கேட்டேன். நீங்க போங்க தம்பி, நேரமாகுதுன்னு விரட்டிட்டாங்க" என்றார். அவருக்குப் பின்னால் வருவதற்கு அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

சரி, பஞ்சர்தானே, எல்லாம் பையில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசுக்குள் பையைத் திறந்தேன். ட்யூப் இருக்கிறது, தண்ணீரில் பார்த்தாயிற்று. பட்டை இருக்கிறது. பம்ப் இருக்கிறது, என் சைக்கிளில் அடித்துப் பார்த்தாயிற்று.

என் சைக்கிளில்.

ரப்பரைத் திருப்பிப் போட்டேன். மறுபடி பழையபடி திருப்பவில்லை. வீட்டில் பயிற்சி செய்தபோதெல்லாம் பம்ப் அவள் டயருக்குத் தகுந்தபடியே இருந்தது. ஒருநாளும் அந்த மூடியை அவள் திறந்ததில்லை. அதற்குள் இருப்பது சுண்டு விரல் நகம் அளவு ரப்பர், அரிசி அளவு பிளாஸ்டிக். புல்லில் விழுந்தால் நல்ல கைக்காரனுக்கே கிடைக்காது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். கார் டிக்கியில் என் பெரிய நின்று அடிக்கிற பம்ப் இருந்தது. ஜெயசீலனிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"அண்ணா, நீங்க அங்க கொண்டுபோய்க் குடுத்தா, அக்கா இவ்வளவு தூரம் ஓட்டினது எல்லாம் போயிரும். இங்க வந்தாத்தான் குடுக்கலாம்."

"பார்த்துட்டாவது வர்றேன்."

"போங்க. நிக்காதீங்க."

போனேன். ரோட்டோரம் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சக்கரம் மடியில். கால் நீட்டி, சின்னப் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி அதன் மேல் குனிந்திருந்தாள். டயர் உள்ளே போயிருந்தது, காற்றுத்தான் இல்லை. பக்கத்தில் துப்பட்டாவை விரித்து, அதன் மேல் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தாள். கார் சத்தத்தை அடையாளம் கண்டு நிமிர்ந்தாள். என் கால் பிரேக்கில் இருந்தது. அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளங்கையால் தன் தொடையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஆக்ஸிலேட்டரை அமுக்கினேன். பெற்ற பிள்ளையை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போகிறவன் கூட இப்படி அழுதிருக்க மாட்டான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் திரும்பி வர வேறு ரோடு இல்லை என்பது உறைத்தது. மறுபடி அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். திரும்பும்போது அவள் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் நிறுத்திவிடுவேன்.

பேக்கரியில் ஜெயசீலன் அடிக்கடி மணி பார்த்தார். நான் புள்ளியைப் பார்த்தேன். கன்ட்ரோல் மூட இரண்டு மணி நேரம்கூட இல்லாதபோது அது நகர்ந்தது. முதலில் நம்பவில்லை, போனைத் தட்டிப் பார்த்தேன். நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

கூட்டத்துக்கு நடுவே பெல் அடித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் புழுதி, உதடு வெடித்திருந்தது. முத்திரை விழுந்தது. மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். பெரிய பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வேண்டாமுங்க. நிறைஞ்சிருச்சு."

"சாந்தா, அந்தப் பம்ப்..."

"இப்ப நேரமில்லீங்க." பன்னை ஒரு கடி கடித்தாள், தண்ணீர் குடித்தாள், ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தாள். வலது கை நன்றாகவே ஆடியது, மறைக்கக்கூடப் பார்க்கவில்லை. கிளிப்பை ஒரு தடவை முயன்றாள். பிறகு கையைக் கீழே விட்டு, தாடையைத் தூக்கி என் பக்கம் காட்டினாள்.

"இங்க உதவலாமுங்களே. போட்டு உடுங்க."

இத்தனை மாசத்தில் அவளாக என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. போட்டுவிட்டேன். எனக்கும் அது சட்டென்று விழவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று எழுதியதோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

நேரம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். ரொம்பத் தாமதமில்லை, ஒரு டீ குடிக்கிற நேரம்தான். பல்லடத்துக்கு இந்தப் பக்கம் காற்று விடவே இல்லையாம். ஜெயசீலன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "லேட்டுன்னு எழுத எனக்குக் கை வரலீங்கக்கா, ஆனா..." என்றார். "எழுதுங்க. ரூல் ரூல்தான்" என்று அவள்தான் அவரைத் தேற்றினாள்.

இன்று மத்தியானம் வரை தூங்கினாள். எழுந்து உட்கார்ந்ததும், நான் காபியைக்கூடக் கொடுக்காமல் சொல்லிவிட்டேன். பையைத் திறந்ததை, என் சைக்கிளுக்குக் காற்று அடித்ததை, ரப்பரை. உன் மெடலைக் கெடுத்தது நான் என்றேன்.

"தெரியுமுங்க. பம்பத் தொறந்ததுமே தெரிஞ்சுது. அத வேற யாரு திருப்பியிருப்பாங்க?"

"ரோட்டுல என்னைப் பார்த்தப்ப ஏன் திட்டல?"

"திட்டலாமுன்னுதான் இருந்தேன். அப்பறம் அந்த ரப்பர் கீழ விழுந்துருச்சு. தேடி எடுத்தேன். அந்தச் சின்னத் துண்டு பொறவு விழுந்துச்சு. அதுக்குத்தான் துப்பட்டாவ விரிச்சேன். எத்தன வாட்டி விழுந்துச்சுன்னு தெரியல. கடைசில போய் உக்காந்துச்சுங்க." கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். "வீட்டுல இருந்திருந்தா முதல் வாட்டியே நீங்க புடுங்கியிருப்பீங்க."

கையிலேயே வைத்திருந்த காபியை நீட்டினேன்.

"பல்லடத்துல ஒரு டீ குடிச்சேன். அதக் குடிக்காம வந்திருக்கோணும்" என்றாள். அது பொய். அங்கே புள்ளி நிற்கவே இல்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். காபி ஆறிவிட்டதென்று சூடு பண்ண எடுத்துப் போனேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபடி பள்ளிக்கூடம். காலையில் கண்ணாடி முன்னால் நின்று சேலைத் தலைப்பை மடித்து, தோளில் சேஃப்டி பின் குத்திக்கொண்டிருந்தாள். பின் விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி விழுந்தது. வெளியே அவள் போகிற டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

நான் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன்.

"சனவரியில இருநூறுங்க" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. "திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

சரி என்றேன்.

"பையத் தொடக் கூடாது."

சரி என்றேன். அந்தப் பின் மறுபடி விழுந்தது. என் கைகள் மரத்துவிட்டன. எடுக்கவில்லை.